மலையில் பெய்யும் மழையும் வயலில் ஓடும் மோட்டாரும்

(மாஞ்சோலை மலையடிவாரக் கிராமங்களின் பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும் நிகழ்த்திய சொற்பொழிவு)



மணிமுத்தாறு அணைக்கரையில் நின்று மேற்கே நோக்கினால், மேகம் கவிந்த மாஞ்சோலை மலை நம் கண்முன் நிற்கிறது. கடல் மட்டத்திற்கு ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட அந்த உயரத்தில், காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து ஆகிய இடங்களில், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கொட்டும் மழை தமிழ்நாட்டிலேயே மிகுதியான மழைகளுள் ஒன்றாகும். கிழக்கே திரும்பினால், நம் வயல்களின் நடுவே கிணறுகளும், அவற்றின்மேல் மோட்டார் அறைகளும் தெரிகின்றன. மேற்கே தண்ணீர் மேலிருந்து கீழே விழுகிறது. கிழக்கே நாம் தண்ணீரைக் கீழிருந்து மேலே ஏற்றுகிறோம். இவ்விரண்டுக்கும் இடையே ஓடும் கம்பியில் இருப்பதுதான் மின்சாரம்.

மின்சாரம் எப்படி உண்டாகிறது, எதிலிருந்து உண்டாகிறது, அதை உண்டாக்க நாம் எதைக் கொடுக்கிறோம் என்பவற்றை இன்று நாம் சேர்ந்து சிந்திப்போம். இது பள்ளிக்கூடத்துப் பாடம் மட்டுமன்று. நம் கிணற்று நீர்மட்டம், பஞ்சாயத்தின் மின்கட்டணம், ஊர்க் குளத்தின் ஆழம் ஆகிய மூன்றும் இந்தப் பாடத்திற்குள் அடங்கியிருக்கின்றன.

சக்தி உருமாறுகிறது

முதலில் ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். சக்தியை யாராலும் புதிதாகப் படைக்க முடியாது, அழிக்கவும் முடியாது. ஓர் உருவிலிருந்து மற்றோர் உருவிற்கு மாற்றலாம், அவ்வளவே. நெல்லை அரிசியாக்குவது போல, ஒரு சக்தியை மின்சக்தியாக்குகிறோம். நெல் குத்தும்போது உமியும் தவிடும் கழிவது போல, சக்தியை மாற்றும்போதும் ஒரு பகுதி வெப்பமாகக் கழிந்துவிடுகிறது. மின்சார நிலையம் என்பது ஒரு வகையில் பெரிய அரைவை ஆலையே ஆகும்.

நம்மில் பலர் இளமையில் சைக்கிள் ஓட்டியிருப்போம். முன் சக்கரத்தில் உரசிச் சுழலும் சிறிய டைனமோவைத் தட்டிவிட்டால் விளக்கு எரியும். ஆனால் அப்போது மிதிப்பது சற்றுக் கடினமாகிவிடும். வேகமாக மிதித்தால் வெளிச்சம் கூடும். நிறுத்தினால் விளக்கு அணைந்துவிடும். அந்த விளக்கு எரிந்தது நம் காலின் உழைப்பினால். அந்த உழைப்பு வந்தது நாம் உண்ட சோற்றினால். அந்தச் சோறு விளைந்தது சூரிய வெளிச்சத்தினால்.

டைனமோவிற்குள் இருப்பவை இரண்டே பொருள்கள்: ஒரு காந்தம், ஒரு செப்புக் கம்பிச் சுருள். கம்பிச் சுருளின் அருகே காந்தம் அசைந்தால் கம்பியில் மின்சாரம் ஓடும் என்பதை 1831-ஆம் ஆண்டு மைக்கேல் ஃபாரடே என்னும் ஆங்கில விஞ்ஞானி கண்டறிந்தார். அவர் ஒரு கருமானின் மகன். புத்தகம் கட்டும் தொழில் பழகியவர். அவர் கண்ட அதே உண்மையின்மேல்தான் இன்று உலகின் பெரிய மின்நிலையங்களுள் பெரும்பாலானவை நடைபெறுகின்றன. நிலையத்துக்கு நிலையம் வேறுபடுவது, அந்தச் சக்கரத்தைச் சுழற்றும் கை எது என்பது ஒன்றே. அது விழும் நீராக இருக்கலாம், நீராவியாக இருக்கலாம், காற்றாக இருக்கலாம்.

இக்கைகள் அனைத்தையும் காண நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. பொதிகையின் உச்சி முதல் தூத்துக்குடிக் கடற்கரை வரை, நம் தாமிரபரணி நாட்டைச் சுற்றியே அவை இருக்கின்றன.

விழும் நீரின் கணக்கு

நீரின் விசையை நம் நாட்டார் நெடுநாளாகவே அறிவர். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஹார்வி கம்பெனியார் விக்கிரமசிங்கபுரத்தில் நூற்பாலை நிறுவியபோது, பாபநாசத்தில் விழும் நீரின் வேகத்தையே ஆலை யந்திரங்களை ஓட்டப் பயன்படுத்தினர். பிற்பாடு பைக்காரா மின்நிலையம் 1932-இலும், மேட்டூர் 1937-இலும், பாபநாசம் 1944-இலும் மின்சாரம் தரத் தொடங்கின. பாபநாசம் நிலையத்தின் நான்கு யந்திரங்களும் சேர்ந்து 32 மெகாவாட் திறனுடையவை. அதன் அருகே 20 மெகாவாட் சேர்வலாறு நிலையம் 1986-இல் அமைந்தது. மாஞ்சோலையைக் கடந்து மேலே செல்லும் பாதை மேல் கோதையாறு அணையைச் சென்றடைகிறது. அங்கே தேங்கும் நீர் மலையின் மேற்குப் புறமாக விழுந்து, 60 மெகாவாட், 40 மெகாவாட் திறனுடைய இரண்டு கோதையாறு நிலையங்களை ஓட்டிவிட்டு, பேச்சிப்பாறை வழியாகக் குமரி மாவட்டத்து வயல்களுக்குச் செல்கிறது.

நீர் எவ்வளவு மின்சாரம் தரும்? இரண்டு அளவுகள் தெரிந்தால் போதும்: எவ்வளவு நீர், எவ்வளவு உயரம். ஆயிரம் லிட்டர் நீர் 367 மீட்டர் உயரத்திலிருந்து விழுமானால், அதில் அடங்கிய சக்தி சரியாக ஒரு யூனிட். அதாவது ஆயிரம் வாட் சாதனம் ஒன்று ஒரு மணி நேரம் ஓடுவதற்கு வேண்டிய சக்தி. நல்ல யந்திரம் அதில் பத்தில் ஒன்பது பங்கு வரை மின்சாரமாக்கித் தரும். நீர்மின்சாரத்தைப் போல இவ்வளவு குறைந்த உமியும் தவிடும் உள்ள ஆலை வேறில்லை.

உயரம் மிகுதியாகவும் நீர் குறைவாகவும் உள்ள இடங்களில், விளிம்பில் கிண்ணங்கள் பொருத்திய சக்கரத்தின்மேல் நீரைப் பீய்ச்சி அடிக்கிறார்கள். நீர் மிகுந்து உயரம் குறைந்த இடங்களில், சக்கரம் முழுவதையும் நீரில் அமிழ்த்திச் சுழலச் செய்கிறார்கள். சக்கரத்தின் உருவம் மாறலாம், கணக்கு மாறுவதில்லை.

இங்கே ஓர் ஐயம் எழலாம். "மின்சாரத்தை எடுத்துவிட்ட நீர் சாரமற்றுப் போய்விடாதா? பயிருக்கு ஆகுமா?" என்று முன்னாளில் பல ஊர்களில் கேட்டவர்கள் உண்டு. நீரிலிருந்து எடுக்கப்படுவது அதன் விழும் வேகம் மட்டுமே. ஒரு துளி நீரும் குறைவதில்லை. அதன் குணமும் மாறுவதில்லை. பாபநாசம் யந்திரங்களைச் சுழற்றிய அதே நீர்தான் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் ஆகிய எட்டு அணைக்கட்டுகளின் வழியே நம் வயல்களுக்கு வருகிறது.

ஆயினும் ஒரு முரண்பாடு உண்டு; அதை மறைத்துப் பேசுவது முறையன்று. மின்நிலையம், மின்சாரம் தேவைப்படும் வேளையில் நீரைத் திறக்க விரும்பும். உழவனோ, கார் நாற்றுக்கும் பிசான நடவுக்கும் நீரை எதிர்நோக்குவான். இரண்டு தேவைகளும் எப்பொழுதும் ஒரே நாளில் வருவதில்லை. அணை நீரின் கணக்கைப் பாசன சங்கத்தாரும் பஞ்சாயத்தாரும் கேட்டு அறிந்து வைத்திருப்பது இதனாலேயே இன்றியமையாதது. கணக்குத் தெரிந்தவனே தன் பங்கைக் கேட்டு வாங்க முடியும்.

காடே முதல் அணை

மற்றொரு செய்தி. மழை பெய்தவுடன் முழுவதும் ஒரே நாளில் ஓடி வந்துவிடுமானால், எத்தனை அணைகள் கட்டினாலும் போதா. மாஞ்சோலையைச் சூழ்ந்த சோலைக்காடுகள் மழைநீரை வேரிலும் மண்ணிலும் பிடித்துவைத்து, மாதக்கணக்கில் சிறுகச் சிறுகக் கசிய விடுகின்றன. காடு மொட்டையானால் நீரோடு மண்ணும் வந்து அணையில் வண்டலாகப் படியும். அணையின் கொள்ளளவு குறையும். களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தில் புலியைக் காப்பதும், பாபநாசத்து யந்திரத்தைக் காப்பதும், நம் வாய்க்கால் நீரைக் காப்பதும் ஒரே வேலைதான்.

அம்மலையில் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற நிலத்தில் தேயிலைத் தோட்டங்கள் எழுந்ததும், குத்தகைக் காலம் முடிவதற்கு முன்பே 2024-இல் நிறுவனம் தோட்டப் பணியை நிறுத்தியதும் நீங்கள் அறிந்தவையே. தலைமுறை தலைமுறையாக அங்கு உழைத்தவர்களின் மறுவாழ்வு தனியே பேசத்தக்க பெரும்பொருள். அவர்களுள் நம் ஊர்களுக்கு வந்து குடியேறியோரை நம்மவராக ஏற்றுக்கொள்ளும் கடமை நமக்கு உண்டு என்பதை மட்டும் இங்கே சொல்லிக்கொள்கிறோம்.

நீராவியின் கை

நீர் விழாத இடத்தில் சக்கரத்தை எப்படிச் சுழற்றுவது? அடுப்பில் சோறு கொதிக்கும்போது நீராவி மூடியைத் தள்ளுவதைத் தாய்மார்கள் நாள்தோறும் காண்கிறார்கள். அந்த நீராவியைக் குழாயில் அடைத்து, மிகுந்த அழுத்தத்தில் சக்கரத்தின்மேல் பாய்ச்சினால் அது சுழலும். தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் நடப்பது இதுவே. அங்கே ஒவ்வொன்றும் 210 மெகாவாட் திறனுடைய ஐந்து அலகுகள் அமைக்கப்பட்டன. முதல் அலகு 1979-இல் ஓடத் தொடங்கியது. கிழக்கு மாநிலங்களின் சுரங்கங்களில் வெட்டிய நிலக்கரி, இரயிலிலும் கப்பலிலும் ஏறி அங்கு வந்து சேர்கிறது.

நீராவி ஆலையில் உமியும் தவிடும் மிகுதி. நிலக்கரியின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. மற்றவை புகைபோக்கி வழியாகவும் குளிர்விக்கும் நீரின் வழியாகவும் வெப்பமாகக் கழிகின்றன. நம் நாட்டு நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறக்குறைய 700 கிராம் எரிக்க வேண்டும். எரித்த கரியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சாம்பல் எஞ்சும். அதனினும் பெரிய தொல்லை கண்ணுக்குத் தெரியாத கரியமில வாயு. அது வானத்தில் போர்வை போலப் பரவி உலகின் வெப்பத்தைக் கூட்டுகிறது. வெப்பம் கூடினால் காற்று அதிக ஈரத்தைச் சுமக்கும். சுமந்ததை ஒரே நாளில் கொட்டவும் கூடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்து, தாமிரபரணிக் கரை ஊர்கள் வெள்ளத்தில் மிதந்ததை நாம் மறக்க முடியுமா? அந்த ஒரு மழைக்கு இதுவே முழுக் காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இத்தகைய பெருமழைகள் மிகுதியாகும் என்று வானிலை அறிஞர்கள் எச்சரிக்கிறார்கள்.

கூடங்குளத்திலும் சக்கரத்தைச் சுழற்றுவது நீராவிதான். அடுப்பு மட்டுமே வேறு. அங்கே யுரேனியம் என்னும் உலோகத்தின் அணுக்கருவைப் பிளக்கும்போது எழும் வெப்பத்தால் நீர் ஆவியாக்கப்படுகிறது. முற்றிலும் பிளவுபட்ட ஒரு கிராம் யுரேனியம் தரும் வெப்பம், சுமார் ஐந்து டன் நம் நாட்டு நிலக்கரி தரும் வெப்பத்திற்கு இணையாகும். ஒரு மாட்டுவண்டி தாங்காத பாரம் ஒரு சிட்டிகையில் அடங்கிவிடுகிறது! ரஷ்ய நாட்டுத் துணையுடன் அமைந்த அந்நிலையத்தின் முதல் அலகு 2014 டிசம்பர் 31 அன்றும், இரண்டாம் அலகு 2017 மார்ச் 31 அன்றும் வணிக முறையில் உற்பத்தி தொடங்கின. ஒவ்வொன்றும் 1,000 மெகாவாட். இதில் புகை இல்லை. ஆனால் பயன்படுத்திய எரிபொருள் நெடுங்காலம் கதிர்வீச்சு உமிழ்வது. அதைப் பல தலைமுறைகள் காத்து வைக்க வேண்டும். இடிந்தகரை முதலிய ஊர்களின் மீனவ மக்கள் 2011 முதல் பல காலம் எழுப்பிய அச்சக் குரலும் இதன் ஒரு பகுதியே. எந்த அடுப்பும் விலையின்றி எரிவதில்லை.

ஆடிக்காற்றும் ஆதவனும்

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் பழமொழி. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையை ஏறிக் கடக்க முடியாமல், இடைவெளி கண்ட இடத்தில் நெருக்கி நுழைகிறது. வடக்கே செங்கோட்டைக் கணவாய், தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய். வாய்க்கால் குறுகும் இடத்தில் நீர் வேகமெடுப்பது போலவே, கணவாயில் காற்று வேகமெடுக்கிறது. முப்பந்தல், பணகுடி, இராதாபுரம் பகுதிகளில் காற்றாலைகள் காடுபோல் எழுந்திருப்பது இக்காரணத்தினால்தான். கயத்தாற்றில் காற்றாலைகளைச் சோதிக்கும் மத்திய அரசின் ஆய்வு நிலையமும் உள்ளது.

காற்றின் கணக்கு வியப்பானது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், அதில் உள்ள சக்தி இரண்டு மடங்காவதில்லை, எட்டு மடங்காகிறது. வேகம் பாதியானால் எட்டில் ஒன்றாகக் குறைந்துவிடுகிறது. ஆகவேதான் வைகாசி முதல் புரட்டாசி வரை குவியும் காற்று மின்சாரம், பிற மாதங்களில் மிகவும் இளைத்துவிடுகிறது.

சூரிய மின்சாரம் மட்டும் சக்கரம் சுழலாமல் பிறக்கிறது. மணலில் நிறைந்திருக்கும் சிலிக்கன் என்னும் பொருளைத் தூய்மையாக்கி, மெல்லிய தகடாக்கி, இருபுறமும் வெவ்வேறு பொருள்களை நுண்ணளவில் கலந்து வைக்கிறார்கள். வெளிச்சம் பட்டவுடன் தகட்டினுள் இருக்கும் மின்னணுக்கள் ஒரு புறமாகத் தள்ளப்படுகின்றன. கம்பியை இணைத்தால் மின்சாரம் ஓடுகிறது. நம் நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும். நூறு சதுர அடிக் கூரை அதற்குப் போதும். 2016-இல் இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைந்தது. முள்ளும் கருவேலும் மண்டிய வறண்ட சீமையின் வெயிலுக்கும் ஒரு விலை உண்டென்று அது காட்டியது.

தொழுவத்துச் சாணத்தையும் நாம் மறத்தலாகாது. சுமார் 25 கிலோ சாணத்தை நீரில் கரைத்து மூடிய கலத்தில் புளிக்க வைத்தால், ஒரு கனமீட்டர் எரிவாயு கிடைக்கும். அதைக்கொண்டு மின்சாரமும் எடுக்கலாம். ஆனால் சமையலுக்கு எரிப்பதே சிக்கனம். எஞ்சும் சாணக் குழம்போ முதல்தரமான உரம்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு பருவம்

உழவர்களாகிய நமக்கு ஓர் உண்மை நன்கு விளங்கும். ஒரே பயிரை நம்பியவன் ஒரு பருவம் தவறினால் வீழ்வான். மின்சாரமும் அப்படியே. காற்று ஆடியில் விளைகிறது; வெயில் பகலில் விளைகிறது; அணைநீர் மழைக்குப் பிறகு விளைகிறது. ஆனால் நாட்டின் தேவை மிகும் வேளைகளுள் ஒன்று மாலை விளக்கேற்றும் நேரம். அப்போது சூரியன் மறைந்துவிடுகிறது. நிலக்கரி அடுப்பைக் குளிர்ந்த நிலையிலிருந்து மூட்டி முழு வேகம் எடுக்கப் பல மணி நேரம் ஆகும். அணையின் மதகைத் திறந்து நீர்ச்சக்கரத்தைச் சுழற்றவோ சில நிமிடங்கள் போதும். ஆகவே அளவில் சிறிதாயினும் பாபநாசமும் கோதையாறும் வேளையில் உதவும் நண்பர்கள்.

மின்சாரத்தை நெல்லைப் போலக் குதிரில் கொட்டி வைக்க முடியுமா? மின்கலங்களில் ஓரளவு முடியும். மலைமேல் நீராகவும் சேமிக்கலாம். கோயம்புத்தூர் மாவட்டத்துக் கடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் ஒன்று உண்டு. மின்சாரம் மிகுதியாக உள்ள நேரத்தில் கீழ்த்தேக்கத்து நீரை மேலே ஏற்றி, தட்டுப்பாடான நேரத்தில் அதையே கீழே விழவிட்டு மின்சாரம் எடுக்கிறார்கள்.

"அப்படியானால் நம் ஊர் மேல்நிலைத் தொட்டியையும் ஒரு கடம்பாறை ஆக்கலாமே" என்று ஒருவர் கேட்கலாம். கணக்குப் பார்ப்போம். முப்பதாயிரம் லிட்டர் நீர் 12 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அது முழுவதும் விழுந்தாலும் கிடைக்கும் சக்தி ஏறக்குறைய ஒரே ஒரு யூனிட்! மின்சாரம் எடுக்க மலையும் பெரிய அணையும் ஏன் வேண்டும் என்பது இதிலிருந்து விளங்குகிறது. ஆயினும் அத்தொட்டி வேறு வகையில் நமக்கு உதவும். வெயில் மின்சாரம் மிகுந்திருக்கும் நண்பகலில் மோட்டாரை ஓட்டித் தொட்டியை நிரப்பிவிட்டால், மாலைத் தட்டுப்பாட்டு வேளையில் மோட்டாரை ஓட்ட வேண்டியதில்லை.

கம்பியில் கசியும் வாய்க்கால்

உற்பத்தியான மின்சாரம் நம் ஊர் சேர்வதற்குள் கம்பியைச் சூடாக்கியே ஒரு பகுதி வீணாகிறது. கம்பியில் ஓடும் மின்னோட்டம் இரண்டு மடங்கானால், இந்த இழப்பு நான்கு மடங்காகும். ஆகவே மின்னழுத்தத்தை 110, 230, 400 கிலோவோல்ட் என உயர்த்தி, மின்னோட்டத்தைக் குறைத்து அனுப்புகிறார்கள். ஊர் எல்லையில் டிரான்ஸ்ஃபார்மர் அதை மோட்டாருக்கு ஏற்றவாறு தாழ்த்துகிறது. அப்படியும் நூறு யூனிட்டில் பத்துக்குக் குறையாமல் வழியில் கழிந்துவிடுகிறது. வாய்க்காலில் தலைமடைக்காரர் மிகுதியாக எடுத்தால் கடைமடை காய்வது போல, ஒரு டிரான்ஸ்ஃபார்மரில் அளவுக்கு மீறி மோட்டார்களைச் சேர்த்தால் கடைசிக் கிணற்றில் மின்னழுத்தம் தாழ்ந்து மோட்டார் கருகும். அனுமதியின்றிப் போடும் ஒரு கொக்கி, அயலானின் மோட்டாரை எரிக்கும் கொள்ளியாகும். அதைவிடக் கொடியது, அது உயிரையும் குடிக்கும்.

கிணற்றடிக் கணக்கு

இனி நம் கணக்கின் மறுபாதிக்கு வருவோம். மலையில் விழுந்த நீர் நமக்கு மின்சாரம் கொடுத்தது. அந்த மின்சாரத்தைக் கொண்டு கிணற்று நீரை ஏற்றுகிறோம். ஏற்றுவதற்கும் அதே கணக்குத்தான்: எவ்வளவு நீர், எவ்வளவு உயரம்.

முப்பது மீட்டர் ஆழத்திலிருந்து நீரை ஏற்றும்போது, குறைபாடே இல்லாத பம்பாக இருந்தால் ஒரு யூனிட் 12,000 லிட்டருக்குச் சற்று மேல் ஏற்றும். ஆனால் வயல்களில் ஓடும் பழைய பம்புசெட்டுகள் பத்தில் நான்கு பங்கு திறனோடு ஓடுவதே பெரிது. ஆகவே உண்மையில் ஒரு யூனிட்டுக்குக் கிடைப்பது சுமார் 4,900 லிட்டர். ஓர் ஏக்கர் நெல்லுக்கு மழை நீங்கலாகக் கிணற்றிலிருந்தே முழு நீரையும், அதாவது வயல் பரப்பின்மீது 1,200 மில்லிமீட்டர் உயரம் நிற்கும் அளவு, பாய்ச்ச நேர்ந்தால், வேண்டியது 48 இலட்சம் லிட்டருக்கு மேல். மின்சாரக் கணக்கில் அது ஏறக்குறைய 1,000 யூனிட். வழியில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால், அதற்காகத் தூத்துக்குடியில் எரிய வேண்டிய நிலக்கரி முக்கால் டன்!

இப்போது கிணற்று நீர்மட்டம் 30 மீட்டரிலிருந்து 60 மீட்டருக்கு இறங்கிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். நெல் அதே நெல்தான். வயல் அதே வயல்தான். விளைச்சலும் ஒரு மணி கூடவில்லை. மின்சாரமோ 2,000 யூனிட். நிலக்கரி ஒன்றரை டன். உழவன் அந்தக் கட்டணத்தைச் செலுத்துவதில்லை என்பது மெய்யே. தமிழ்நாட்டில் 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், பின்னர் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வழங்கப்பட்டது. அது உழவனுக்குக் கிடைத்த பெரும் ஆதரவு. அதைக் குறைகூற நாம் இங்கு வரவில்லை. ஆனால் கட்டணமில்லாத மின்சாரத்தால் ஆழம் குறைவதில்லை. புதிய ஆழ்துளையும், நீண்ட குழாயும், அதிகக் குதிரைத்திறன் மோட்டாரும் உழவன் கையிலிருந்தே செலவாகின்றன. வசதியுள்ளவர் மேலும் ஆழப்படுத்துவார். வசதியற்றவரின் கிணறு வறண்டு, நிலம் தரிசாகும். இங்கே பணயமாக இருப்பது ஊரின் ஒற்றுமையும் சிறு விவசாயியின் வாழ்வும் ஆகும்.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்றனர் நம் முன்னோர். அந்த வழியிலே நாம் செய்யத்தக்க சில காரியங்களைச் சொல்லி முடிக்கிறோம்.

முதலாவது, குளம். ஊர்க்குளத்தைத் தூர்வாரி, வரத்துக்கால்களைச் செப்பனிட்டு, ஒரு மழையில் கூடுதலாக நீர் நிற்கச் செய்தால், சுற்றியுள்ள கிணறுகளில் நீர் ஊறும். நீர்மட்டம் மூன்று மீட்டர் ஏறினாலும், முப்பது மீட்டர்க் கிணற்றில் பத்தில் ஒரு பங்கு மின்சாரம் மிச்சம். குளத்தில் மண்வெட்டி பிடிப்பவர் ஒவ்வொருவரும் மின்சாரம் உற்பத்தி செய்பவரே.

இரண்டாவது, நீர்ச் சிக்கனம். நெல்வயலில் எப்பொழுதும் நீரைத் தேக்கி வைக்காமல், காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் ஐந்தில் ஒரு பங்கு முதல் கால் பங்கு வரை நீர் மிஞ்சும், விளைச்சலும் குறையாது. வாழைக்கும் காய்கறிக்கும் சொட்டுநீர் ஏற்றது.

மூன்றாவது, மோட்டார். பழுதான மோட்டாரை மேலும் மேலும் கம்பி சுற்றி ஓட்டுவதைவிட, ஆழத்திற்கும் நீருக்கும் பொருந்திய, தர முத்திரை பெற்ற புதிய பம்பை வாங்குவது நீண்டகாலச் சிக்கனம். மின் இணைப்புக்காகக் காத்திருப்போர், 2019-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தையொட்டி மானியத்தில் வழங்கப்பட்டு வரும் சூரிய பம்புசெட்டுகளைப் பற்றி வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரித்து அறியலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: வெயிலுக்குக் கட்டணமில்லை என்று பகல் முழுதும் இறைத்துக்கொண்டே இருந்தால், நீர்மட்டம் முன்னினும் விரைவாக வீழும். சூரிய பம்பும் குளத்துப் பணியும் இரட்டை மாடுகள். ஒன்றை மட்டும் பூட்டினால் ஏர் கோணும்.

நான்காவது, தெருவிளக்கு. பழைய குழல்விளக்கு ஒன்று, சோக்கையும் சேர்த்து ஏறத்தாழ 50 வாட் எடுக்கும். அதே வெளிச்சத்தை 20 வாட் எல்.இ.டி. விளக்கு தரும். இன்னும் மாற்றப்படாத நூறு விளக்குகள் ஓர் ஊரில் இருந்து, இரவு பன்னிரண்டு மணி நேரம் எரியுமானால், மாற்றியபின் ஆண்டுக்கு மிச்சமாவது 13,000 யூனிட்டுக்கு மேல். விடிந்த பின்னும் எரியும் விளக்கை அணைக்க எந்தத் திட்டமும் வேண்டியதில்லை. ஓர் ஆள் பொறுப்பேற்றால் போதும்.

ஐந்தாவது, கூரை. பஞ்சாயத்து அலுவலகம், பள்ளி, சமுதாயக்கூடம் ஆகியவற்றின் கூரையில் சூரியத் தகடு அமைப்பதைக் கிராமசபையில் வைத்து ஆராயலாம். வீடுகளுக்கு 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில், மூன்று கிலோவாட் அமைப்புக்கு ரூ.78,000 வரை மானியம் அறிவிக்கப்பட்டது. தகட்டை வாங்கும்போது விலையோடு, பழுது பார்க்க யார் வருவார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். மரநிழல் விழாத இடத்தில் பொருத்தி, தூசியை வாரந்தோறும் கழுவினால்தான் சொன்ன மின்சாரம் கிடைக்கும்.

அன்பர்களே! மேற்கே அம்மலையில் பெய்யும் மழையை நாம் கட்டளையிட்டு வரவழைக்க முடியாது. ஆனால் வந்த மழையைக் காட்டிலும், அணையிலும், குளத்திலும், கிணற்றிலும் படிப்படியாக நிறுத்தி வைக்க முடியும். மேலே நிற்கும் ஒவ்வொரு துளியும் நமக்குச் சக்தி. கீழே போய்விட்ட ஒவ்வொரு துளியையும் ஏற்ற நாம் சக்தியைச் செலவிட்டாக வேண்டும். இயற்கை இந்தக் கணக்கை யாருக்காகவும் மாற்றி எழுதுவதில்லை.

அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் மூன்று எண்களை எழுதிப் பலகையில் ஒட்டுங்கள்: ஊர்க் கிணறுகளின் நீர்மட்டம், பஞ்சாயத்தின் மின்கட்டணம், குளத்தில் நீர் நின்ற நாட்கள். ஆண்டுதோறும் அம்மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் எண்ணின் ஆழமும் இரண்டாம் எண்ணின் தொகையும் குறைந்து, மூன்றாவது எண் வளருமானால், நம் ஊர் சரியான வழியில் செல்கிறது என்று துணிந்து சொல்லலாம்.